மேடை ஓரத்துப் பேச்சு இப்போது போனில்: இசைக் கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரைப் பக்கம் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் பல வருடம் வயலின் வாசித்தவன் நான். இப்போது வில்லை விட போன்தான் கையில் அதிக நேரம் இருக்கிறது. ஒரு நாகஸ்வர செட், இரண்டு கர்நாடக சங்கீதப் பாடகிகள், ஒரு பறைக் குழு, சொந்தமாக எழுதிப் பாடும் ஒரு தம்பி என்று ஐந்து பேருடைய பக்கங்களைக் கவனித்துக்கொள்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது கூப்பிட்டு இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் எனக்குத் தொண்டை மிச்சம்.

எனக்கு நல்லா வாசிக்கத் தெரியும். அது போதாதா? இந்த ரீல்ஸ் எல்லாம் அவசியமா?

வாசிப்பு இல்லாமல் ரீல்ஸால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கச்சேரி முடிந்து மிருதங்கத்துக்கு உறை போடுகிற நேரத்தில் மேடை ஓரமாக ஒருவர் வருவார். "இன்னைக்கு அந்த காம்போதி ராகம் இருக்கே…" என்று ஆரம்பித்து, பத்து வருடத்துக்கு முன் கேட்ட வேறொரு காம்போதியைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். அடுத்த கச்சேரிக்கு அவரே நாலு பேரைக் கூட்டி வருவார். அந்தப் பேச்சு இப்போது பெரும்பாலும் போனுக்குள் நடக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். பக்கத்தை போஸ்டர் ஒட்டும் சுவராக நினைப்பவர்கள் மூன்று மாதத்தில் சலித்துப்போகிறார்கள். மேடை ஓரமாக நினைப்பவர்களுக்கு அந்தச் சலிப்பு வருவதில்லை.

எல்லா ஆப்பிலும் இருக்கணுமா?

வேண்டாம், இரண்டு போதும். கர்நாடக சங்கீதம் என்றால் யூடியூபும் ஃபேஸ்புக்கும். அறுபது வயதைத் தாண்டிய ரசிகர்கள் இன்னும் ஃபேஸ்புக்கில்தான் இருக்கிறார்கள், நிதானமாகப் படித்து நீளமாகப் பதில் போடுகிறவர்களும் அவர்கள்தான். கல்யாணத்துக்கு வாசிக்கும் நாகஸ்வரம், தவில் என்றால் இன்ஸ்டாதான், சந்தேகமே இல்லை. முன்பெல்லாம் மேளத்தை முடிவு செய்தது பெண்ணின் மாமா. இப்போது கல்யாணப் பெண்ணே ரீல் பார்த்து, "இந்த செட்தான் வேணும்" என்கிறாள். சொந்தப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு இன்ஸ்டாவும் யூடியூப் ஷார்ட்ஸும்.

டிக்டாக்கில் எனக்கு எண்பதாயிரம் பேர் இருந்தாங்க. தடை வந்ததும் எல்லாம் போச்சு. மறுபடி அதே மாதிரி ஆகாதா?

ஆகலாம். இதைக் கேட்டவர் தெம்மாங்கு பாடும் ஒரு அக்கா. களையெடுத்துக்கொண்டே பாடியதை அவர் மகன் எடுத்துப் போட்டான், பிடித்துக்கொண்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தபோது அதில் டிக்டாக்கும் ஒன்று. சில நாளில் ஆப் திறக்கவே இல்லை. அந்த எண்பதாயிரம் பேரில் ஒருவருடைய போன் நம்பர்கூட அவரிடம் கிடையாது. அதே ஜூலையில் இன்ஸ்டா ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை முதலில் இங்கேதான் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் அவர் பூஜ்யத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அதனால் இப்போது அவருக்கு நான் செய்து கொடுத்திருப்பது ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியில் நோட்டும் பேனாவும் இருக்கும். பெயர், ஊர், வாட்ஸ்ஆப் நம்பர், "எந்தப் பாட்டு பிடிச்சது?" என்று நாலு கட்டம். கடைசிக் கட்டம்தான் முக்கியம். தேனியில் ஒருவர் "நாத்து நடுற பாட்டு, எங்க ஆத்தா பாடும்" என்று எழுதியிருந்தார். அந்தப் பாட்டை அக்கா மறுபடி பாடிப் பதிவு செய்தபோது முதலில் அவருக்குத்தான் அனுப்பினோம். அவர் எத்தனை பேருக்கு அனுப்பினார் என்று கணக்கே இல்லை.

இந்த நம்பர்களை வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் லிஸ்டில் போடுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர்தான். அவர்கள் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் நோட்டில் எழுதும்போதே, "என் நம்பரையும் சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட வேண்டும். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்ஆப் சேனலில் இந்த வரம்பு கிடையாது. ஆனால் அது ஒருவழிப் பாதை. ரசிகர் எமோஜி போடலாம், ஆனால் லிஸ்டில் மாதிரி உங்களோடு பேச முடியாது. தேதி, இடம் அறிவிக்கச் சேனல், பேசுவதற்கு லிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஃபாலோயர் இருந்தால் "ரசிகர் இருக்காங்க"ன்னு சொல்லலாம்?

என்னிடம் இருக்கும் பாடகிகளில் ஒருவருக்கு 41 ஆயிரம், இன்னொருவருக்கு மூவாயிரத்துச் சொச்சம். போன மார்கழியில் இரண்டு பேரும் டிக்கெட் வைத்துப் பாடினார்கள். இரண்டாமவருக்குத்தான் அரங்கம் நிறைந்தது. காரணம் ரொம்ப சாதாரணமானது. கமென்ட் போடுகிறவர்களில் இருநூறு பேரையாவது அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். யார் வயலின் கற்கிறார், யாருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, யாருக்குத் தோடி ராகம் என்றால் உயிர் என்பதெல்லாம் தெரியும். முதலாமவருக்குத் தன் எண்ணிக்கை மட்டும் தெரியும்.

ஃபாலோயரை விலைக்கு வாங்கலாமா? ஒருத்தர் மலிவா தர்றேன்னார்.

வாங்காதீர்கள். நீங்கள் ஒன்று போட்டால் அது முதலில் கொஞ்சம் பேருக்குத்தான் காட்டப்படும். அவர்கள் பார்த்தால் மற்றவர்களுக்குப் போகும். அந்தக் கொஞ்சம் பேரில் பாதி ஆள் இல்லாத கணக்கு என்றால் பாட்டு அங்கேயே படுத்துவிடும். காசு கொடுத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிற வேலை இது.

வாசிக்கிறதை மட்டும் போடணுமா? வேற என்ன போடுறது?

உங்களுக்குத் தினசரி வேலை, பார்க்கிறவருக்கு அதிசயம். இந்த வகையில் உங்களிடம் நிறையவே இருக்கிறது, நீங்கள்தான் கவனிப்பதில்லை.

எங்கள் நாகஸ்வர செட் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது சீவாளி (நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) சரிசெய்யும் ஒரு காட்சி. பெரியவர் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கி, விரலால் நீவி, ஒரு தடவை ஊதிப் பார்த்து, முகம் சுளித்து, மறுபடி நீவுகிறார். ஐம்பது வினாடி. நாலாவது தடவை சுத்தமாக நாதம் வந்ததும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "தாத்தா சிரிச்சதுக்கே லைக்" என்று ஒரு பையன் எழுதினான். அடுத்த வாரம் தவில்காரர் விரல் கூடு மாட்டுவதையும், தவில் அடிக்கும் பூவரசங்குச்சியைத் தேர்ந்தெடுப்பதையும் எடுத்தோம். கைவிரலில் இருப்பது என்ன, பிளாஸ்டரா என்று கேட்டவர்களே நூறு பேருக்கு மேல். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்தது என்று அவரே கமென்டில் விளக்கினார். இந்த வகைக் கேள்விக்குக் கலைஞரே பதில் சொல்லும்போது கேட்டவர் மறக்கவே மாட்டார்.

மிருதங்கக்காரர் தொப்பியில் (மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கம்) ரவையைக் குழைத்து ஒட்டுவது, தம்புராத் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலைக் கடுகளவு நகர்த்தியதும் சுருதி ரீங்காரம் போடுவது, பறையைத் தீயில் காய்ச்சும்போது ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் ஏறிக்கொண்டே போவது, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்வது (2022-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே நாகஸ்வரம்தான்) எல்லாமே இந்த வகைதான். 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் பரவியபோது அந்த வீடியோவில் செட்டும் இல்லை, டான்ஸும் இல்லை. ஸ்டூடியோவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடிச் சிரிப்பதுதான் இருந்தது. பாட்டு பிறக்கும் இடத்துக்குள் எட்டிப் பார்க்க எல்லாருக்கும் ஆசை.

போடக் கூடாதது ஒன்று உண்டு. "கனெக்ட் ஆகணும்" என்பதற்காக வீட்டுச் சண்டையையும் ஆஸ்பத்திரிப் படத்தையும் போடுவது. நாலு நாள் கூட்டம் வரும், பாட்டு கேட்க வந்த கூட்டமாக இருக்காது.

ஒரு ராகத்தை ஒன்றரை நிமிஷத்தில் எப்படிக் காட்டுவது? கேவலமாக இருக்காதா?

ஆலாபனையை வெட்டினால் கேவலமாகத்தான் இருக்கும். அதை வெட்டாதீர்கள், முழுசாக யூடியூபில் போடுங்கள். குட்டி வீடியோவுக்குத் தாங்கும் இடங்கள் கச்சேரியிலேயே இருக்கின்றன. ஷார்ட்ஸ் 2024 அக்டோபரில் இருந்தும் ரீல்ஸ் 2025 ஜனவரியில் இருந்தும் மூன்று நிமிடம் வரை போகலாம் என்று ஆனபிறகு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது.

நான் எடுக்கும் முதல் இடம் பல்லவி சங்கதிகள், அதாவது பாட்டின் முதல் வரியை விதவிதமாகப் பாடுவது. ஒரே வரி, முதலில் வெறுமையாக, அப்புறம் ஒவ்வொரு சங்கதியாகச் சேர்ந்துகொண்டே போகும். ராகம் தெரியாதவருக்கும் "அடுத்து என்ன செய்வாங்க" என்ற எதிர்பார்ப்பு தானாகவே வந்துவிடும். இரண்டாவது, கல்பனாஸ்வரம் (ஸரிகம என்று கற்பனையாகப் பாடுவது) குறைப்பு. கேள்வி பதில் மாதிரி பாடகியும் வயலினும் மாறி மாறி, ஆவர்த்தனம் (தாளச் சுற்று) சுருங்கிச் சுருங்கி, கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து விழுவார்கள். மூன்றாவது, தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை முடித்துவைக்கும் கோர்வை. இதை எடுக்கும்போது தாளம் போடும் கை கட்டாயம் ஃபிரேமில் இருக்க வேண்டும். கை தெரிந்தால் பார்க்கிறவரும் கூடவே தொடையில் தட்ட ஆரம்பிப்பார். கோர்வை சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) வந்து விழும்போது அவருக்கும் தானே முடித்த மாதிரி ஒரு சந்தோஷம். கை தெரியாத வீடியோவையும் தெரிகிற வீடியோவையும் ஒரே கச்சேரியில் இருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவதைத்தான் ஜனங்கள் சேவ் செய்தார்கள்.

"வணக்கம், நான் உங்கள்…" என்று ஆரம்பிக்காதீர்கள். பெயர் மேலேயே இருக்கிறது. நாதத்தில் ஆரம்பியுங்கள்.

கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசிச்சாத்தான் வியூஸ் வருது. அதையே போட்டுக்கிட்டு இருக்கலாமா?

போடுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. மூன்று சினிமாப் பாட்டுக்கு ஒரு மல்லாரி (கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது) என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். மல்லாரிக்கு வியூஸ் பாதிகூட வராது. ஆனால் கோயில் உற்சவத்துக்கு அழைப்பு வருவது அதைப் பார்த்துத்தான். கல்யாண வீட்டில் எடுத்ததைப் போடும் முன் பெண் வீட்டாரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் கேட்டுவிடுங்கள். அழுகிற அம்மா முகம் உங்களுக்கு நல்ல ஷாட், அவருக்கு அது அவருடைய முகம்.

போனில் எடுத்தால் சுருதி காணாமல் போகுது, தவில் கிழிஞ்ச மாதிரி கேட்குது. என்ன செய்ய?

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2020 ஊரடங்கின்போது வெளிநாட்டு ரசிகர்களுக்காக வீடியோ கால் ஆப் ஒன்றில் ஒரு பாடகியின் கச்சேரியை ஏற்பாடு செய்தேன். பக்கத்திலேயே சுருதிப் பெட்டி, நல்ல மைக், எல்லாம் சரி. ஐந்தாவது நிமிடத்தில் சாட்டில் ஒரு பெரியவர், "சுருதி இல்லாமலா பாடுகிறாய் குழந்தை?" என்று கேட்டார். இங்கே எங்களுக்கு நன்றாகக் கேட்கிறது. அப்புறம்தான் புரிந்தது. விடாமல் ஒரே மாதிரி வரும் ஒலியை அந்த ஆப் ஃபேன் சத்தம், ஏசி சத்தம் என்று நினைத்து அடக்கிவிடுகிறது. தம்புராவும் அதற்கு ஃபேன்தான்! ஜூம் மாதிரி ஆப்களில் "ஒரிஜினல் சவுண்ட்" என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டதும் சுருதி திரும்பி வந்தது. கச்சேரிக்கு முன் வேறு வீட்டில் இருக்கும் ஒருவரைக் கேட்கச் சொல்லிச் சோதிக்காமல் நான் எதையும் ஆரம்பிப்பதில்லை இப்போது.

நாகஸ்வரத்தின் அணசுக்கு (விரிந்த அடிப்பகுதிக்கு) நேராகப் போனை வைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். போன் மைக்கால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது, அந்தக் கிழிசல் சத்தம் அதனால்தான். மிருதங்கத்துக்கு வேறு தொல்லை. பதிவு நன்றாகவே இருக்கும், ஆனால் கேட்கிறவருடைய போன் ஸ்பீக்கரில் தொப்பி கேட்காது. சின்ன ஸ்பீக்கரால் அந்தக் கனமான ஒலியைக் கொடுக்க முடியாது. "ஹெட்போனில் கேளுங்க" என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

லைவ் எத்தனை மணிக்கு வரலாம்?

உங்கள் ரசிகர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சென்னையில் இரவு 7 மணி என்றால் யாழ்ப்பாணத்திலும் 7, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 9.30, லண்டனில் குளிர்காலத்தில் மதியம் 1.30, டொரன்டோவில் அப்போது காலை 8.30. ஞாயிற்றுக்கிழமை 7 மணி இவர்கள் எல்லாருக்கும் ஒத்துவருகிறது. சிட்னிக்காரர்கள்தான் பாவம், அங்கே நள்ளிரவு ஆகிவிடும்.

தமிழில் எழுதணுமா, தங்கிலீஷிலா?

இரண்டிலும். ராகம், தாளம், இயற்றியவர், பாடுகிறவர், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் முதலில் தமிழில், கீழே ஆங்கில எழுத்தில். தேடுகிறவர் எப்படி அடிப்பார் என்று தெரியாது. மலேசியாவிலும் கனடாவிலும் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. பாட்டு வரிகளை ஆங்கில எழுத்தில் போட்டால் கூடவே பாடுவார்கள்.

"சுருதி சேரலை", "இது பைரவி ராகமே இல்லை"ன்னு கமென்ட் வருது. அழிச்சிடலாமா?

வசவாக இருந்தால் அழியுங்கள். குறையாக இருந்தால் விட்டுவிடுங்கள், பதிலும் சொல்லுங்கள். என்னிடம் இருக்கும் பாடகிகளில் ஒருவருக்கு ஒரு ரசிகர், "அனுபல்லவியில் மேல் ஸட்ஜம் ஒரு நூல் இறங்கிவிட்டது" என்று எழுதினார். "ஆமாம் மாமா, அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்தது, எனக்கே உறுத்திக்கொண்டிருக்கிறது" என்று இவர் பதில் போட்டார். இப்போது அந்த மாமா ஒவ்வொரு கச்சேரிக்கும் முதல் வரிசை. தவறு உங்களுடையதாக இல்லாவிட்டாலும் சண்டைக்குப் போகாதீர்கள். ராக லட்சணத்தைப் பற்றிய சண்டை மூன்று நாளைக்கு நிற்காது.

எல்லாக் கமென்டுக்கும் "நன்றி" என்று மட்டும் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். பத்துப் பேருக்கு ஒழுங்காக எழுதுங்கள்.

பெண் கலைஞர்களுக்கு வரும் அசிங்கமான மெசேஜ்களுக்கு என்ன வழி?

முதலில், நீங்களே படிக்காதீர்கள். இன்ஸ்டாவில் குறிப்பிட்ட சொற்களை மறைக்கும் வசதி உண்டு. தமிழிலும் தங்கிலீஷிலும் நமக்குத் தெரிந்த அத்தனை வசவையும் ஒரு தடவை உட்கார்ந்து அதில் அடித்துவிடுங்கள். நானும் ஒரு பாடகியின் அண்ணனும் சேர்ந்து அந்தப் பட்டியலைத் தயார் செய்தோம், சிரிப்பும் வெட்கமுமான ஒரு மாலை அது. மெசேஜ் பெட்டியை வீட்டில் வேறு யாராவது திறந்து பார்க்கட்டும். மிரட்டலோ மார்ஃப் செய்த படமோ வந்தால் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கணக்கின் லிங்கையும் எடுத்து வையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

சினிமாப் பாட்டுக்கு கவர் பாடிப் போட்டால் பிரச்சினை வருமா?

வரலாம். வாயால் பாடினாலும் மெட்டும் வரியும் இன்னொருவருடையவை. யூடியூபில் பெரும்பாலும் உரிமைக்காரர் விளம்பரக் காசைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு வீடியோவை விட்டுவைப்பார். சில சமயம் நீக்கச் சொல்வார். நீக்கச் சொல்லி வரும் ஸ்ட்ரைக்தான் ஆபத்து: 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். மேடையிலும் இதே கதைதான். 2017 மார்ச்சில் தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியதை, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியம் ரசிகர்களுக்கு ஃபேஸ்புக்கில்தான் தெரிவித்தார்.

நான் பாடியது தியாகராஜர் கிருதி. அதுக்கும் காப்பிரைட் கிளெய்ம் வந்திருக்கு. எப்படி?

கர்நாடக சங்கீதக்காரர்கள் எல்லாருமே ஒரு தடவையாவது இதைப் படுவார்கள். தியாகராஜர் மறைந்தது 1847-ல், அவர் கிருதிக்கு இன்று யாருக்கும் தனி உரிமை கிடையாது. ஆனால் அதே கிருதியை வேறொருவர் பாடிய ஒலிப்பதிவு ஒரு கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கும். யூடியூபின் இயந்திரம் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரே ராகம், ஒரே தாளம், ஒரே சங்கதி, அதே சுருதிப் பெட்டி. அது குழம்பிப்போய் உங்கள் குரலையே அவர்களுடையது என்கிறது.

பயப்படாமல் டிஸ்ப்யூட் (மறுப்பு) போடுங்கள். "இயற்றியவர் 1847-ல் மறைந்தவர், இது இன்ன தேதியில் இன்ன இடத்தில் நானும் இன்னாரும் சேர்ந்து வாசித்த எங்கள் சொந்தப் பதிவு" என்று இரண்டு வரி போதும். எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம், பதில் சொல்லாவிட்டால் கிளெய்ம் தானாகப் போய்விடும். நான் போட்டதில் பெரும்பாலானவை அப்படித்தான் போயின.

எல்லாச் சாகித்யமும் இப்படி இல்லை, கவனம். இந்தியச் சட்டத்தில் இயற்றியவர் மறைந்த பிறகும் 60 வருடம் உரிமை உண்டு. தியாகராஜர் காலத்தவர்களான தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளுக்குக் கவலையில்லை. பாரதியார் எழுத்துகள் அரசு நாட்டுடைமை ஆக்கியவை, தாராளமாகப் பாடலாம். ஆனால் ஒரு பாரதி பாட்டுக்கு வேறொருவர் போட்ட மெட்டு என்றால் அந்த மெட்டுக்குத் தனிக் கணக்கு. பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார், 2033 முடியும் வரை அவர் கீர்த்தனைகளுக்கு உரிமை இருக்கிறது. வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் தில்லானாக்களுக்கு இன்னும் பல பத்தாண்டு போக வேண்டும்.

பக்கவாத்தியக்காரர்களிடம் கேட்காமல் வீடியோ போடலாமா?

கூடாது. மைக் டெஸ்ட் நேரத்திலேயே கேளுங்கள், கச்சேரி நடத்தும் சபாவிடமும் கேளுங்கள். போட்டால் எல்லாருடைய பெயரையும் எழுதி டேக் செய்யுங்கள். இன்ஸ்டாவில் கொலாப் அழைப்பு கொடுத்தால் ஒரே வீடியோ அவர் பக்கத்திலும் வரும், அவருடைய ரசிகரும் உங்களைப் பார்ப்பார். கஞ்சிரா வித்வான் பெயரை விட்டுவிட்டு ஒரு தடவை போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த இரண்டு கச்சேரிக்குத் தேதி இல்லை என்றார்.

இதில் காசு வருமா?

விளம்பரக் காசை நம்பாதீர்கள். யூடியூபில் விளம்பரப் பங்கு வர 1000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருடத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. ஷார்ட்ஸ் ஓடும் நேரம் அந்த 4000 மணியில் சேராது, இது பலருக்குத் தெரியாது. 500 சப்ஸ்கிரைபரிலேயே மெம்பர்ஷிப், சூப்பர் சாட் (ரசிகர் நேரடியாகக் காசு கொடுக்கும் வழிகள்) திறக்கும் ஒரு படி இருக்கிறது, சிறிய கலைஞர்களுக்கு அதுதான் உபயோகம். உண்மையான வரவு வேறு இடத்தில்: கல்யாண புக்கிங், ஆன்லைன் வகுப்பு, டிக்கெட். லைவில் யுபிஐ கியூஆர் வைக்கலாம். வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்காதீர்கள், ஓரமாக இருக்கட்டும்.

சொந்தப் பாட்டுக்காரர்கள் ஐபிஆர்எஸ் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டி அந்த வழியாகத்தான் வரும். ரீலில் போட்ட சொந்தப் பாட்டின் ஒலிக்கு ஒழுங்கான பெயர் வையுங்கள். "ஒரிஜினல் ஆடியோ" என்று விட்டால் அதை எடுத்து ஆடுகிறவருக்கு உங்கள் பெயரே தெரியாது. ஒரு தடவைதான் மாற்ற முடியும், எழுத்துப்பிழை பாருங்கள்.

ஒரு லேபிள், "எங்க சேனலில் போடலாம், நல்லா ரீச் ஆகும்"னு கூப்பிடுது. போகலாமா?

போகலாம், தாளைப் படித்துவிட்டுப் போங்கள். சேனல் யாருடையதோ ரசிகரும் அவருடையவர்தான். கமென்ட் பெட்டியின் சாவி அவர் கையில். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' யூடியூபில் கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து 2024 மார்ச்சில், அதில் கலைஞர்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே அந்த நிலை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்தின்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ காப்பிரைட் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள்.

"உங்கள் கணக்கு காப்பிரைட் மீறியுள்ளது, இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று மெசேஜ் வந்தது…

அழுத்தாதீர்கள். இன்ஸ்டா உங்களுக்கு மெசேஜ் பெட்டியில் அப்படி எழுதாது. பறைக் குழுவின் பழைய பக்கம் இப்படித்தான் போனது, ஒரு வாரத்தில் அதில் கிரிப்டோ விளம்பரம் ஓடியது. இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். பாஸ்வேர்டு குழுவில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும், பழைய சிஷ்யப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ஒரு நாளைக்கு இதுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? சாதகம் (தினசரிப் பயிற்சி) கெட்டுப் போகுதே.

அரைமணி. வாரத்துக்கு இரண்டு வீடியோ, ஞாயிறு ஒரு லைவ், தினம் பத்துப் பதில். விடியற்காலை சாதகத்தின்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். எங்கள் நாகஸ்வரப் பெரியவர் போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிடுவார். ஒரு நாள் அவர் மனைவி உலை வைக்க டின்னைத் திறந்தபோது உள்ளே யாரோ ரசிகர் வீடியோ காலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அம்மாவே எடுத்து, "அவர் ஊதிக்கிட்டு இருக்கார், எட்டு மணிக்குக் கூப்பிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அரிசியை அளந்தாராம்.